சிரித்த முகமாக ஓட்டவும்

“ஓட்டுநர் கோபமாக இருக்கிறார். ஆழ்ந்து மூச்சு விடவும்.”

மேலப்பாளையம் தாண்டுவதற்குள் பெட்டி மூன்றாவது முறையாகச் சொல்லிவிட்டது. சொன்ன கையோடு அதன் நெற்றியில் ஒரு சிவப்புப் புள்ளி எரிந்தது. ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்த இரண்டோடு சேர்த்து மூன்று.

ஐயம்பெருமாளுக்குக் கோபமே இல்லை. காலையில் இட்லிக்குத் தொட்டுக்கொண்ட மிளகாய்ப்பொடியில் எள் கூடுதலா, இல்லை வறுத்த பக்குவம் கூடுதலா என்று யோசித்துக்கொண்டிருந்தார். அது ஒரு சுகமான யோசனை.

ஆனால் அவருடைய முகம் அப்படி. இரண்டு புருவமும் மூக்குக்கு மேலே வந்து கைகோத்துக்கொண்டு நிற்கும். மீசை இரண்டு பக்கமும் தொங்கும். கல்யாண ஆல்பத்தைப் புரட்டினால், மாப்பிள்ளை எழுந்து யாரையோ அடிக்கப் போகிறார் என்றுதான் தோன்றும். “அன்னைக்கு நீங்க சந்தோசமாத்தான் இருந்தியளா?” என்று அவர் மனைவி இருபது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இருந்தார். ரொம்பவே சந்தோஷமாக இருந்தார்.

“யாருக்குத் தம்பி கோவம்?” என்று பின்னிருக்கையிலிருந்து ஒரு அம்மாள் கேட்டாள்.

“யாருக்கும் இல்லம்மா. பெட்டி சும்மா சொல்லுது.”

அந்த அம்மாள் பெயர் ஞானம்பாள். பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள். பக்கத்தில் அவளுடைய தம்பி சிவசண்முகம், தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். இரண்டு பேரும் களக்காட்டுக்குத் துஷ்டி கேட்கப் போகிறார்கள். செத்துப்போனவர் ஞானம்பாளுடைய காலமான புருஷனுக்கு மூத்த அண்ணன். வயது எண்பத்துநான்கு. எட்டு வருஷம் படுக்கையில் கிடந்து, விடியற்காலையில் போய்ச் சேர்ந்திருக்கிறார்.

பெட்டி வந்து மூன்று நாள்தான் ஆகிறது. டிராவல்ஸ் முதலாளியின் மகன் சிவகணேஷ் அப்பாவிடமிருந்து பொறுப்பை வாங்கிக்கொண்ட கையோடு செய்த முதல் காரியம், எல்லா வண்டிகளிலும் இந்தப் பெட்டியை மாட்டியது. ஸ்டியரிங்குக்கு மேலே கறுப்புக் கண்ணாடி வைத்த ஒரு சின்னப் பெட்டி. டிரைவர்களை வரிசையாக நிற்க வைத்து விளக்கினான்.

“அண்ணாச்சிமாரே, இது மூஞ்சியப் பாத்தே மனசு தெரிஞ்சுக்கிடும். கோவமா ஓட்டுதவன், கவலையா ஓட்டுதவன், பயந்து ஓட்டுதவன் எல்லாரையும் காட்டிக் குடுத்திரும். பின்னால இருக்க கஸ்டமர் மனசு குளுந்திருக்கான்னும் பாக்கும்.”

“தப்பாச் சொல்லிட்டுன்னா?” என்று ஐயம்பெருமாள்தான் கேட்டார்.

“மெஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாது அண்ணாச்சி. மனுசனுக்குத்தான் தெரியும்.”

ஒரு நாளைக்கு ஐந்து சிவப்புப் புள்ளி வரைக்கும் பொறுத்துக்கொள்வார்கள். ஆறாவது எரிந்தால் ஒரு எச்சரிக்கை. மூன்று எச்சரிக்கை வாங்கினால் ஸ்டியரிங்கிலிருந்து இறங்கி ஷெட்டில் வண்டி கழுவ வேண்டியதுதான். ஐயம்பெருமாள் முந்தாநாள் ஏழு வாங்கினார். நேற்று எட்டு. பத்தொன்பது வருஷமாக ஒரு கீறல் விழாமல் வண்டி ஓட்டியவர். இன்றைக்கு மணி ஒன்பதரைதான் ஆகிறது, அதற்குள் மூன்று.

முன்னீர்ப்பள்ளத்தில் டயரைப் பார்ப்பதுபோல வண்டியை ஓரம் கட்டி இறங்கி, காஜா முகைதீனுக்குப் போன் போட்டார். காஜாவும் அதே டிராவல்ஸில் டிரைவர்.

“வே காஜா, உம்ம பெட்டி என்னவே சொல்லுது?”

“மகிழ்ச்சிங்குது. மூணு நாளா மகிழ்ச்சிதான். நேத்து எனக்கு நூத்திரெண்டு காய்ச்சல், அப்பவும் மகிழ்ச்சிங்குது.”

காஜாவின் மேல்வரிசைப் பல் கொஞ்சம் முன்னால் வந்திருக்கும். உதட்டை மூட முயன்றாலும் மூடாது. அந்த மனிதர் தூங்கும்போதும் சிரித்துக்கொண்டுதான் தூங்குவார்.

“எனக்குக் கோவம்னே சொல்லுதுவே. என்ன செய்ய?”

“சிரியும். பல்லு தெரியணும். கன்னம் மேல ஏறணும்.”

“துஷ்டிக்குப் போறவுகளைக் கூட்டிக்கிட்டுப் போறேன்வே.”

“அவுக பின்னாலதான இருக்காவ? உம்ம முதுகைத்தான பாப்பாவ. சிரியும்வே!”

ஐயம்பெருமாள் வண்டியை எடுத்தார். சிரித்தார். அவருக்குத் தெரிந்து கடைசியாக இவ்வளவு பல் காட்டியது பல் டாக்டரிடம்தான். இரண்டு மைல் போவதற்குள் கன்னம் இரண்டும் கடுத்தது. ஆனாலும் பெட்டி பேசவில்லை. காஜா கெட்டிக்காரன்தான் என்று நினைத்துக்கொண்டார்.

பின்னிருக்கையைக் காட்டுகிற கண்ணாடி ஒன்று மேலே தொங்குகிறது என்பது மறந்துபோயிற்று.

“தம்பி.”

“சொல்லுங்கம்மா.”

“எங்க வீட்டுல சாவு.”

“ஆமாம்மா.”

“நீ பல்லக் காட்டிக்கிட்டு வாரியே, என்ன விசேஷம்?”

அவர் வாயை மூடுவதற்குள் பெட்டி முந்திக்கொண்டது. “ஓட்டுநர் கோபமாக இருக்கிறார். ஆழ்ந்து மூச்சு விடவும்.” நான்காவது புள்ளி.

சிவசண்முகம் முன்னால் எட்டிப் பார்த்தார். “எக்கா, இந்த ஆளு கோவத்துல சிரிக்கான். இப்படிச் சிரிக்கிறவன்தான் ஆபத்து. எங்க ஆபீஸ்ல ஒருத்தன் இருந்தான்.”

இனி மறைத்துப் பயனில்லை என்று ஐயம்பெருமாள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். பெட்டி, புள்ளி, எச்சரிக்கை, ஷெட். சொல்லும்போது குரல் கொஞ்சம் உடைந்தது. ஞானம்பாள் கேட்டுக்கொண்டே வந்தாள். முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளின் நொண்டிச் சாக்குகளைக் கேட்டவள். எது உண்மை என்று அவளுக்குக் காதிலேயே தெரியும்.

“இது என்ன அநியாயம்? வீட்டுக்கு வாரவன்கூடக் கதவத் தட்டிட்டுத்தான் உள்ள வாரான். இது தட்டாம மனசுக்குள்ள போயிப் பாக்குமா? பாத்ததை ஊருக்கும் சொல்லுமா? யாரு இதுக்கு உத்தரவு குடுத்தா?”

“காலம் மாறிட்டுக்கா,” என்றார் சிவசண்முகம். “பாத்துட்டுத்தான் போகட்டுமே. மடியில கனம் இல்லேன்னா வழியில என்ன பயம்?”

கிணுகிணுவென்று ஒரு மணியோசை கேட்டது. பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது.

“பின்னிருக்கைப் பயணி மகிழ்ச்சியாக இருக்கிறார். நன்றி.”

இரண்டு பக்கமும் நடவு முடிந்த வயல்களில் கொக்குகள் நின்றன. அக்காளும் தம்பியும் ஒருவரை ஒருவர் மெல்லத் திரும்பிப் பார்த்தார்கள்.

“நான் இல்ல,” என்றார்கள், ஒரே நேரத்தில்.

“தம்பி, யாரச் சொல்லுது இது?” என்று ஞானம்பாள் கேட்டாள்.

“தெரியலையேம்மா.”

“கேட்டுச் சொல்லு.”

“அதுகிட்ட நம்ம கேக்க முடியாதும்மா. அதாச் சொன்னாத்தான் உண்டு.”

“பயணின்னுதான் சொல்லிச்சு. பயணிகள்னு சொல்லல. ஒருமை,” என்றாள் ஞானம்பாள். இலக்கணத்தில் அவளை யாரும் ஏமாற்ற முடியாது. “அப்ப ஒருத்தருக்குத்தான் சந்தோசம். எனக்கு இல்ல. செத்தது எங்க அத்தான். மிச்சம் யாரு?”

“எக்கா, என்ன பேச்சு பேசுத? அவரு எனக்குத் தகப்பன் மாதிரி!”

“தகப்பன்தான். கோயில் கமிட்டியில தலைவர் நாற்காலி இன்னைக்குக் காலைலதான் காலியாச்சு. செயலாளர் யாரு? நீ.”

“சாமி சத்தியமாச் சொல்லுதேன்...”

“சாமிய இழுக்காத. உன்னைத்தான் பெட்டியே இழுத்துட்டே.”

சிவசண்முகம் சன்னலோரமாக நகர்ந்து உட்கார்ந்துகொண்டார். ஞானம்பாளும் மறு சன்னலுக்கு நகர்ந்தாள். நடுவில் துஷ்டிக்கு வாங்கிய மாலையும் பூக்கூடையும் தனியாக உட்கார்ந்து வந்தன.

சும்மா இருந்தாலும் புள்ளி, சிரித்தாலும் புள்ளி. இனி மூஞ்சியையே காட்டக்கூடாது என்று ஐயம்பெருமாளுக்குத் தோன்றியது. முன்னால் இருந்த பெட்டகத்தைத் துழாவியபோது கொரோனாக் காலத்து முகக்கவசம் ஒன்று கிடைத்தது. எடுத்துக் கண்ணுக்குக் கீழே வரை இழுத்து மாட்டிக்கொண்டார். தொப்பி ஒன்று கிடந்தது; அதைப் புருவம் மறைய அழுத்திக்கொண்டார். இப்போது கண் மட்டும்தான் வெளியே.

பெட்டி வாயைத் திறக்கவில்லை. பத்தமடை வந்தது, போயிற்று. வெயில் ஏறியது. முகக்கவசத்துக்குள் மூச்சு முட்டினாலும் ஐயம்பெருமாளுக்கு மனது லேசாயிற்று. இவ்வளவு சுலபமா என்று நினைத்தார்.

“ஓட்டுநர் கவலையாக இருக்கிறார். இசை ஒலிக்கட்டுமா?”

வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது. ஐந்தாவது புள்ளி.

“துணிக்கு உள்ளயும் பாக்குதே!” என்றார் சிவசண்முகம். குரலில் கோயிலில் நிற்கிற பயம் வந்துவிட்டது. “எக்கா, இது சாதாரணப் பெட்டி இல்ல. இதுகிட்ட ஒண்ணும் ஒளிக்க முடியாது.”

ஞானம்பாளும் அந்தக் கறுப்புக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐயம்பெருமாள் முகக்கவசத்தைக் கழற்றி வீசினார். பிறகுதான் அவருக்கு உறைத்தது. உண்மையிலேயே அவர் கவலையாகத்தான் இருந்தார். அதைத் துணிக்கு வெளியே நின்று ஒன்று பார்த்துவிட்டது.

ஒரு மைல் போயிற்று. பின்னாலிருந்து செருமல் கேட்டது.

“சரிக்கா. நாந்தான்.”

“என்ன நீதான்?”

“சந்தோசம்.” சிவசண்முகம் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். “இருவத்திரெண்டு வருசம் அவரு பின்னாலயே பையத் தூக்கிட்டு நடந்தேன். கணக்கு எழுதுனது நானு, தேரு ஓட வச்சது நானு, ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சது நானு. பரிவட்டம் மட்டும் அவருக்கு. படுத்த படுக்கையா ஆன பொறவும் பரிவட்டத்த வீட்டுக்குக் கொண்டுபோயிக் கட்டிட்டு வரச் சொல்லுவாரு. காலைல போன் வந்ததும், ஒரு நிமிசம்... ஒரே ஒரு நிமிசம்தான்... அடுத்த திருவிழாவுல எனக்குன்னு தோணிட்டு. பாவி நானு.”

ஞானம்பாள் பூக்கூடையிலிருந்து நழுவிய ரோஜா ஒன்றை எடுத்து மறுபடியும் உள்ளே வைத்தாள்.

“லே சம்முவம்.”

“சொல்லுக்கா.”

“அது நீ இல்லலே. நாந்தான்.”

சிவசண்முகம் திரும்பினார். ஐயம்பெருமாளுக்குக் காதைப் பொத்திக்கொள்ளலாமா என்று இருந்தது. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன.

“சொர்ணக்காவ நெனச்சுப் பாரு,” என்றாள் ஞானம்பாள். சொர்ணாம்பாள் என்பது செத்துப்போனவரின் மனைவி. “நான் வாக்கப்பட்டு வந்த அன்னைக்கு எனக்குப் பூ வச்சு விட்டவ. நாப்பது வருசமா அவள ஒரு கல்யாணத்துக்கு ஒழுங்கா விட்டிருக்காரா? வாசப்படியத் தாண்டினா ‘எங்க போற, யாரப் பாக்க போற.’ அப்புறம் எட்டு வருசம் மலமும் மூத்திரமும் அள்ளிக் கொட்டிருக்கா. போன்ல பேசுதபோதெல்லாம் ஒண்ணே ஒண்ணுதான் கேப்பா, ‘ஞானம், ஒரு நா திருச்செந்தூரு போயிக் கடல்ல கால நனைப்பமா?’ அறுவது மைலு இருக்குமா? அவ கடல் பாத்து நாப்பத்தோரு வருசம் ஆகுது.”

மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தாள்.

“அத்தான் போயிட்டாருன்னு போன் வந்ததும் மொதல்ல என் வாயில வந்த சொல்லு ‘அப்பாடா.’ பொறவுதான் அழுக வந்துச்சு. ஒரு மனுசன் செத்ததுக்கு அப்பாடான்னு சொன்னவ நான். காலைல இருந்து எனக்கே என்னப் புடிக்கல. யாரும் பாக்கலன்னு இருந்தேன். ஒரு பெட்டி பாத்துட்டே.”

அண்டாவில் கொதிக்கிற பாலை அடக்குவதுபோலச் சிவசண்முகம் இரண்டு கையையும் மேலும் கீழும் ஆட்டினார். “அழாதக்கா. அழாத.” அவர் கண்ணும் கலங்கியிருந்தது. மாலையையும் கூடையையும் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு நடுவுக்கு நகர்ந்து வந்தார். “சேரன்மகாதேவியில ஒரு காப்பி குடிப்போம். நிறுத்துமையா டிரைவர்.”

அவர்கள் காப்பிக் கடைக்குள் போனதும் ஐயம்பெருமாள் காஜாவுக்குப் போன் போட்டார்.

“வே, அஞ்சு ஆயிட்டுவே. இன்னும் ஒண்ணு எரிஞ்சா நான் காலி.”

காஜா நிதானமாக யோசித்தார். “உம்ம புருவம்தான்வே பிரச்சினை. ரெண்டும் சேந்து நிக்கி. யாரு பாத்தாலும் கோவம்னுதான் சொல்லுவான், மெஷினு என்ன செய்யும்? நடுவுல கொஞ்சம் எடுத்து விடும். மூஞ்சி தெளிஞ்சிரும்.”

பக்கத்திலேயே ஒரு சலூன் இருந்தது. கடைக்காரர் வேறு ஆள் இல்லாமல் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, நடுவுல மட்டும் லேசா எடுக்கணும். அவசரம்.”

“அவசரத்துக்கு மிஷின்தான்,” என்று கடைக்காரர் ஒரு புது டிரிம்மரை எடுத்தார். நடுவில் அழகாக எடுத்தார். எடுத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார்.

“இடது பக்கம் கொஞ்சம் எறங்கினாப்புல இருக்கு. சரி பண்ணிருவோம்.”

சரி பண்ணினார். இப்போது வலது பக்கம் இறங்கியதுபோல இருந்தது. அதையும் சரி பண்ணினார். வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்தது. “ஐயையோ” என்றார் கடைக்காரர். சலூனில் கேட்கக் கூடாத சொல் அது.

“என்ன ஆச்சு?”

“ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. சமப்படுத்திருவோம்.”

சமப்படுத்திச் சமப்படுத்தி, கடைசியில் இரண்டு பக்கமும் நெற்றியில் பாதி உயரத்தில் பென்சிலால் கிழித்ததுபோல இரண்டு வளைவு மட்டும் மிஞ்சின. கண்ணாடியில் பார்த்தால், யாரோ பின்னாலிருந்து தண்ணீர் ஊற்றிய மனிதர் ஒருவர் தெரிந்தார்.

காப்பி குடித்துவிட்டு வந்த சிவசண்முகம் டிரைவர் சீட்டைப் பார்த்துவிட்டு, வேறு வண்டியோ என்று நம்பர் பிளேட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து ஏறினார். நாகரிகம் தெரிந்தவர், ஒன்றும் கேட்கவில்லை. ஞானம்பாள் மட்டும், “வலிக்கா தம்பி?” என்று கேட்டாள்.

“இல்லம்மா.”

களக்காட்டு ரோட்டில் திரும்பியபோது மேற்கே மலை நீலமாகத் தெரிந்தது. ஐயம்பெருமாள் மலையைப் பார்க்கவில்லை. பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டியும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“ஓட்டுநர் அச்சத்தில் இருக்கிறார். வாகனத்தை ஓரம் கட்டவும்.”

ஆறு.

அவர் ஓரம் கட்டவில்லை. அழவும் இல்லை. பத்தொன்பது வருஷம் என்று ஒருமுறை வாய்க்குள் சொல்லிக்கொண்டார். அவ்வளவுதான்.

துஷ்டி வீட்டில் தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருந்தார்கள். மேளம் அடித்துக்கொண்டிருந்தது. ஞானம்பாள் இறங்கியதும் உள்ளேயிருந்து சொர்ணாம்பாள் ஓடிவந்தாள். ஓரகத்திகள் இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுத அழுகையில் மேளக்காரரே ஒரு கணம் கையை நிறுத்தினார். அது நடிப்பு இல்லை. வாசலில் நின்ற ஐயம்பெருமாளுக்கு நன்றாகத் தெரிந்தது. அப்பாடா என்று சொன்னவளும் இவள்தான், இப்போது அழுகிறவளும் இவள்தான். இரண்டும் உண்மையாகத்தான் இருக்கிறது.

பந்தலுக்கு வெளியே ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். தோளில் துண்டு போட்ட ஒருவர் வந்து அவர் முகத்தைப் பார்த்தார். பார்த்ததும் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“எதிர்பாக்கவே இல்லையோ?”

“எத?”

“மனசத் தேத்திக்கிடுங்க. எட்டு வருசமாக் கெடையில கெடந்த மனுசன்தான? ஒருநா போகத்தான செய்வாரு. இப்படி அதிர்ச்சியில உக்காந்திருந்தா எப்படி? ஏ, இங்க ஒரு சோடா கொண்டாங்க!”

சோடா வந்தது. அடுத்து இன்னொருவர் வந்து விசிறினார். செத்தவருக்கு இவர் என்ன உறவு என்று நாலைந்து பேர் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். வள்ளியூர்ப் பக்கம் ஒரு வளர்ப்பு மகன் இருந்ததாகக் கேள்விப்பட்டிருப்பதாக ஒருவர் சொன்னார். மத்தியானம் பிரேதத்தை எடுக்கும்போது, டிரைவர் என்று அவர் எவ்வளவு சொல்லியும் கேட்காமல், வாய்க்கரிசி போட முன்வரிசையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். அவரும் போட்டார். முன்பின் தெரியாத அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தார். எந்த உணர்ச்சியும் இல்லை. கொடுத்து வைத்தவர், இனி எந்தப் பெட்டியும் எதுவும் சொல்ல முடியாது என்று நினைத்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது ஞானம்பாளின் கண் வீங்கியிருந்தது. சேரன்மகாதேவியில் கால்வாய்ப் பாலத்தில் ஏறிய நேரம், அவள் தானாகப் பேசினாள்.

“சம்முவம், சொர்ணக்கா அழுதுக்கிட்டே என் காதுல ஒண்ணு சொன்னா.”

“என்ன?”

“‘பதினாறு கழியட்டும் ஞானம். பொறவு கடலுக்குப் போவோம்’ன்னு. அழுகையோட அழுகையா. நான் அவளப் பாத்தேன். அவ என்னப் பாத்தா. அவளுக்கும் அப்படித்தான் இருந்திருக்கு. நான் மட்டும் பாவி இல்ல.”

கிணுகிணு.

“பின்னிருக்கைப் பயணி மகிழ்ச்சியாக இருக்கிறார். நன்றி.”

ஞானம்பாள் முன்னால் சாய்ந்து, அந்தப் பெட்டியைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினாள். “ஆமாய்யா. இருக்கேன்.”

சாயங்காலம் ஐந்து மணிக்கு ஐயம்பெருமாள் டிராவல்ஸ் ஆபீசுக்கு வந்து சேர்ந்தார். சிவகணேஷ் வாசலிலேயே நின்றிருந்தான். வண்டிக்குள் தலையை விட்டு எண்ணினான். ஒன்பது.

“உள்ள வாங்க அண்ணாச்சி.” முகத்தைப் பார்த்தான். “புருவத்துக்கு என்ன?”

“அது ஒண்ணும் இல்ல தம்பி.”

ஆபீசுக்குள் கரோலின் என்ற பெண் ஒரு அட்டைப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பெட்டி விற்ற கம்பெனியின் மெக்கானிக் அவள். இடுப்புப் பையில் ஸ்குரூ டிரைவர்கள் சொருகியிருந்தன.

“எனக்கும் வருத்தம்தான் அண்ணாச்சி,” என்றான் சிவகணேஷ். “அப்பா காலத்து ஆளு நீங்க. ஆனா எல்லாருக்கும் ஒரே சட்டம். நாளையில இருந்து ஷெட்டப் பாத்துக்கிடுங்க.”

“தம்பி, ஒண்ணே ஒண்ணு சொல்லுதேன். எனக்குக் கோவமே வரல. மிளகாப்பொடிய நெனச்சுக்கிட்டிருந்தேன்.”

மேஜைமேல் போன் அடித்தது. சிவகணேஷ் எடுத்தான். கேட்டான். அவன் முகம் மலர்ந்துகொண்டே போனது. “சரிங்கம்மா... கண்டிப்பாம்மா... ஐயோ, எடுக்கவே மாட்டோம்மா.” வைத்துவிட்டு ஐயம்பெருமாள் பக்கம் திரும்பினான்.

“யாரு தெரியுமா? நீங்க கூட்டிட்டுப் போன தலைமையாசிரியை அம்மா. என்ன சொன்னாவ தெரியுமா? ‘காலைல அந்தப் பெட்டிய உடைச்சுப் போடணும்னு நெனச்சேன். சொந்தத் தம்பிகிட்டச் சொல்ல முடியாதத அதுதான் என் வாயில இருந்து எடுத்துச்சு. எந்தக் காலத்துலயும் அதக் கழட்டிராதீங்க’ன்னு சொல்லுதாவ.” அவன் நாற்காலியில் சாய்ந்தான். “தம்பிக்கே தெரியாத மனச மெஷினு பாத்திருக்கு. இதுக்கு மேலயும் உங்க மூஞ்சிய மட்டும் தப்பாப் பாத்துச்சுன்னா சொல்லுதிய?”

ஐயம்பெருமாள் யோசித்துப் பார்த்தார். அந்த அம்மாள் விஷயத்தில் பெட்டி சொன்னது சரிதான். அவரே காதால் கேட்டார். துணிக்குள் இருந்த கவலையையும் பார்த்தது. அப்படியென்றால் கோபமும் எங்கோ இருந்திருக்க வேண்டும். தனக்குத் தெரியாமலே தான் ஒரு கோபக்காரனோ? கல்யாணத்தன்று சந்தோஷமாக இருந்ததாக இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தது நிஜம்தானா? இருபது வருஷமாக அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாளே, அவளுக்குத் தெரிந்தது தனக்குத் தெரியவில்லையோ?

புருவம் இருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

“இருக்கலாம் தம்பி,” என்றார் மெதுவாக. “எனக்குத்தான் தெரியாம இருந்திருக்கும்.”

வண்டிச் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

கரோலின் அட்டைப் பெட்டிக்குள்ளிருந்து கோலிக்குண்டு அளவில் பளபளவென்று ஒன்றை எடுத்து, ஊதித் துடைத்தாள். பிறகு மேஜைக்கு வந்து அந்தச் சாவியை எடுத்துக்கொண்டாள்.

“சார், இந்த அண்ணாச்சி வண்டிக்குத்தான் அன்னைக்குக் கேமரா பத்தாம வெறும் பெட்டிய மாட்டிட்டுப் போனேன், மூணு நாளா கடையில போட்டுக்காட்டுத சாம்பிள் குரலே சுத்திச் சுத்திப் பேசிக்கிட்டிருக்கும், இப்பம் கண்ணு வந்துட்டு, மாட்டிரட்டுமா?”